லார்டும் லேடியும் கொஞ்சம் மெழுகும்

மேடையில் பிரசங்கம் செய்பவருக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால் நிற்பது என் இடம். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதைத் தமிழில் சொல்வேன். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். அவர் குரல் தழுதழுத்தால் என் குரலும் வேண்டிய அளவுக்குத் தழுதழுக்கும். மீனம்பாக்கம் விமானம் தலைக்கு மேல் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொள்வோம். தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஜோடிக் காட்சி பழகிப்போன ஒன்று.

இந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வராது. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கும் போதகர்கள் உண்டு. ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும், தமிழில் அது கடைசியில்தான் வரும். பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது என்று மற்றவர்கள் திணறுவார்கள். நான் அவர் எங்கே போய் நிற்கப்போகிறார் என்று அவருக்கு முன்பே யூகித்து, அங்கே போய் நின்றுகொள்வேன்.

வாரநாட்களில் சைதாப்பேட்டையில் இன்சூரன்ஸ் அலுவலக வேலை. வீடு சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். இவை தவிர எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தோண்டிப் பார்ப்பது. கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் எடுத்த தடித்த அகராதி ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வால் பகுதியில், பொடி எழுத்தில், அதன் பூர்வீகம் போட்டிருக்கும். சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதைவிட அந்த வாலைத்தான் நான் முதலில் படிப்பேன்.

இந்தச் சரக்கையெல்லாம் இறக்கிவைக்க எனக்கு ஒரு ரயில் சிநேகிதி இருக்கிறாள். கூடுவாஞ்சேரியில் ஏறி, பெண்கள் பெட்டியில், நான் ஏறும் சானடோரியம் வரும்வரை எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். மாம்பலத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். நான் உட்கார்ந்ததும் கேட்பாள்.

“இன்னாக்கா, இன்னிக்கு இன்னா வார்த்தை?”

ஒருநாள் ‘பீட்’ என்று சொன்னேன். மணி, பாசி என்று இன்றைக்கு அர்த்தம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பிரார்த்தனை என்றுதான் பொருள். பிரார்த்தனைகளை எண்ண நூலில் கோத்த உருண்டைகளை உருட்டினார்கள். நாளடைவில் பிரார்த்தனையின் பெயர் உருண்டைக்குப் போய்விட்டது. 

“எங்க மாமியாரு நாள் பூரா தஸ்பீ மணி உருட்டினு கீறாங்க. அவங்க கைல கீறதுக்கும் அந்தப் பேரு பொருந்தும்னு சொல்லு.”

“பொருந்தும்.”

“ஆமா, நீங்க ஆமென்னு சொல்றீங்க, நாங்க ஆமீன்னு சொல்றோம். அது எங்கேருந்து வந்துச்சாம்?”

அது எபிரேயச் சொல் என்றேன். உறுதி, நம்பத்தக்கது, உண்மை என்று அதன் வேர். கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் என்று எல்லா மொழியும் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டன. “அப்ப உனக்கு அந்த ஒரு வார்த்தைல வேலையே இல்ல” என்றாள். அது வரைக்கும் எனக்கே தோன்றாத விஷயம் அது.

எங்கள் சபையில் மேடைமீது ஒரு பெண் மைக் பிடித்தது என்னிலிருந்துதான் ஆரம்பம். வழக்கமாக மொழிபெயர்க்கிறவருக்கு ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டது. கமிட்டியில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். செயலாளர் மட்டும், “சரியாச் செஞ்சா யார் செஞ்சா என்ன” என்று என்னை ஏற்றிவிட்டார். அவர் ரயில்வேயில் கன்ட்ரோல் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே போனில் வரும் தகவலை, கேட்டவர் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்ன பிறகுதான் எதிர்முனையில் இருப்பவர் போனை வைப்பார். ஒரு வார்த்தை மாறினால் இரண்டு வண்டி ஒரே தண்டவாளத்தில் வந்து நிற்கும். அந்தப் பழக்கம் அவருக்கு எலும்புவரை இறங்கியிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலத்தையும் தமிழையும் கேட்டு, இரண்டும் பொருந்துகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

எனக்குப் பிறகு பாடல் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மொழிபெயர்த்துப் பழகத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே நான் சறுக்கினால் என்னோடு போகாது என்பது எனக்குத் தெரியும். முகம் சுளித்த பாதிப் பேர் இன்னும் கமிட்டியில்தான் இருந்தார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் அந்த வருடக் கூட்டத்துக்கு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பள்ளி மைதானத்தில், புதன் தொடங்கி மூன்று மாலைகளுக்கு ஒரு போதகர் வந்தார். பெங்களூர்க்காரர், நரைத்த தாடி, தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஒவ்வொரு மாலையும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதன் பூர்வீகத்தைச் சொல்லி, அதன்மேல் பிரசங்கத்தைக் கட்டுவது அவருடைய பாணி. இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பைத்தியம் பிடித்த இன்னொரு ஆளை முதல்முறையாகப் பார்த்தேன்.

முதல் மாலை ‘லார்ட்’ என்ற சொல். பழைய ஆங்கிலத்தில் அது ரொட்டியைக் காப்பவன் என்று பொருள்படும் இரண்டு சொற்களின் சேர்க்கை. வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் சாப்பாட்டுக்குப் பொறுப்பானவன்தான் லார்ட். சரியான தகவல், அழகான தகவலும்கூட. ஆனால் தமிழில் ஆண்டவர் என்றால் ஆள்பவர். அதில் ரொட்டி எங்கேயும் கிடையாது. “ஆண்டவர் என்றால் ரொட்டியைக் காப்பவர்” என்று நான் சொன்னால் அது தமிழுக்குச் செய்யும் துரோகம். அதனால், “ஆங்கிலேயர் தங்கள் தலைவனுக்குச் சாப்பாட்டைக் காப்பவன் என்று பெயர் வைத்தார்கள், நாம் ஆள்பவர் என்று வைத்தோம்” என்று பிரித்துச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்கள் பக்கம் பார்த்தேன். பாதிப் பேர் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வாய் சும்மா இருக்கவில்லை.

“லேடி என்ற சொல்லுக்கும் இதே பூர்வீகம்தான். மாவு பிசைபவள் என்று அர்த்தம். அவர் காப்பதற்கு முன்னால் இவள் பிசைய வேண்டியிருக்கிறது.”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பி, பின்வரிசைவரை போய், ‘ஸ்தோத்திரம்’ என்று யாரோ சத்தமாகச் சொல்லி முடித்தார்கள். தான் சொன்னதில் சிரிக்க என்ன இருந்தது என்று புரியாமல் போதகர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் செயலாளரின் புருவம் கண்ணாடிக்கு மேலே ஏறியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் மேடைப் படியிலேயே பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டர், அவர் லேடின்னு ஒரு வார்த்தை சொன்னாரா?”

“சொல்லல சார்.”

“அப்புறம் மாவு எங்கேருந்து வந்துச்சு?”

“அது உண்மைதான் சார். அகராதியில இருக்கு.”

“உண்மையா பொய்யான்னு நான் கேக்கல. சொன்னது சொன்னபடி வரணும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மைக் கை மாறிடும். பொம்பளைங்களை ஏத்தினா இப்படித்தான்னு சொல்றதுக்கு நாலு பேர் காத்துகிட்டு இருக்காங்க. அப்புறம் உங்களையும் ஏத்த முடியாது, அந்த ரெண்டு பொண்ணுங்களையும் ஏத்த முடியாது. பாத்துக்குங்க.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதும் தெரிந்தது. அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் மாலை அவர் எடுத்த சொல் ‘சின்சியர்’. அவர் வாயைத் திறந்ததுமே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பழைய ரோமாபுரியில் சிற்பிகள் கல்லில் விரிசல் விழுந்தால் மெழுகை அடைத்து விற்றுவிடுவார்களாம். யோக்கியமான சிற்பி தன் சிலைமேல் ‘சினே செரா’, அதாவது மெழுகு இல்லாதது, என்று எழுதி வைப்பானாம். அந்த இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்துதான் சின்சியர் ஆனதாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் சொல்லாராய்ச்சி செய்தவர்கள் இதை ஏற்றுக்கொள்வதில்லை. இதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. கலப்பில்லாத, ஒரே வளர்ச்சியாக வளர்ந்த என்பதுதான் அதன் வேராக இருக்கலாம் என்கிறார்கள். மெழுகுக் கதை பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்தது.

போதகர் நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். நான் அட்சரம் பிசகாமல் சொன்னேன். சிற்பி, விரிசல், மெழுகு, எல்லாம். அவர் சொன்னது தப்பாக இருந்தாலும் அது அவர் சொன்னது. அவர் மைக்கில் நின்றுகொண்டு அவரை மறுப்பது என் வேலை இல்லை. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. செயலாளர் முதல்முறையாகத் தலையை ஆட்டினார். ஆனால் தெரிந்த ஒரு பொய்யை அவ்வளவு அழகான தமிழில் சொல்லிவிட்டு நின்றது எனக்குப் பிடிக்கவே இல்லை. நல்ல தமிழில் சொன்னதால் அது இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

அன்றைக்குச் சாப்பாடு செயலாளர் வீட்டில். இடியாப்பமும் பாயாவும். கமிட்டியில் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். விருந்தாளிக்குத் தமிழ் தெரியாததால் அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. அவரே பேச்சை ஆரம்பித்தார். நேற்று ஏன் சிரித்தார்கள் என்று கேட்டார். லேடி கதையைச் சொன்னேன். கைகொட்டிச் சிரித்தார். சொல்லாராய்ச்சியில் உங்களுக்கு இவ்வளவு ஈடுபாடா, அப்படியானால் இன்றைய சொல்லைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றார்.

கேட்டவரிடம் மழுப்புவது எனக்கு வராது. சொல்லிவிட்டேன். மெழுகுக் கதைக்கு ஆதாரம் இல்லை என்றும், வேர் இதுவாக இருக்கலாம் என்றும், ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் சொன்னேன். மேஜை முழுக்கக் கேட்டது.

அவர் கை இடியாப்பத்திலேயே நின்றுவிட்டது. பல வருடமாகச் சொல்லி வருகிறேனே என்றார், என்னிடம் இல்லை, தட்டிடம்.  கமிட்டிக்காரர் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டியது எனக்குத் தெரிந்தது.

வாசல்வரை செயலாளர் வந்தார்.

“நாளைக்கு நீங்க வேணாம் சிஸ்டர். பேங்க்ல வேலை செய்யற நம்ம பிரதர் பண்ணட்டும்.”

“மைக்ல நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கல சார்.”

“மைக்ல சேர்க்கல. சாப்பாட்டுல சேர்த்துட்டீங்க. விருந்துக்கு வந்த தேவ மனுஷன்கிட்ட இப்படியா? அந்த ரெண்டு பேரும் இதை விட மாட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல.”

நான் வண்டியைக் கிளப்பினேன். ஏரியைச் சுற்றி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகையாக வந்தது. அந்த மைக்கை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாடல் குழுப் பெண்கள் இரண்டு பேரையும் நினைத்தபோது இன்னும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் எல்லாவற்றையும் கொட்டினேன். சிநேகிதி கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அந்தாளு இத்தினி வருசமா சொல்லினு கீறாரு. இன்னும் ஒரு நாளு சொல்லிட்டு ஊரு போய்ச் சேரப்போறாரு. உனக்கு இன்னாக்கா அதுல பேஜாரு?”

“கேட்டாரே. கேட்டப்ப எப்படிப் பொய் சொல்றது?”

“அத்தச் சொல்லு” என்றாள். “சரி, சாயங்காலம் போவியா?”

“போகாம? ஓடி ஒளியற மாதிரி நான் எந்தத் தப்பும் பண்ணல.”

“போ. நல்ல பொடவையாக் கட்டினு போ” என்றாள்.

கட்டிக்கொண்டுதான் போனேன். பெண்கள் பக்கம், மூன்றாம் வரிசை. பாடல் குழுப் பெண்கள் இருவரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பேங்க் சகோதரர் மேடையில் என் இடத்தில் நின்றார். நல்ல மனிதர், பயந்த சுபாவம், சத்தமான குரல்.

போதகர் அன்றைய சொல்லை உடனே எடுக்கவில்லை. மைக்கைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: நேற்று நான் உங்களுக்குச் சொன்ன மெழுகுக் கதை சரியல்ல. எனக்காக மொழிபெயர்த்த சகோதரிதான் அதை எனக்கு எடுத்துச் சொன்னார். இரவு தேடிப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அவருக்கு நன்றி சொல்கிறேன்.

சொல்லிவிட்டு மொழிபெயர்ப்புக்காகத் திரும்பினார்.

பேங்க் சகோதரர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே கமிட்டிக்காரர்கள். ஒரு தேவ ஊழியர் மேடையில் நின்று தான் சொன்னது தப்பு என்று சொல்வதை எப்படித் தமிழில் சொல்வது என்று அவருக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னார்.

“நேற்றைக்குச் சொன்ன செய்தி உங்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும் என்று நம்புகிறேன். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.”

“ஆமென்” என்றது மைதானம் முழுவதும்.

போதகரின் முகம் மலர்ந்தது. ஜனங்கள் தன்னை மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையைக் கூப்பினார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்த மனிதர் ராத்திரியெல்லாம் மனதோடு மல்லுக்கட்டி எடுத்து வந்த வாக்கியத்தை வழியிலேயே மாற்றிவிட்டார்கள். எழுந்துவிடலாம் என்று பாதி எழுந்தேன். ஆனால் அந்த வாக்கியத்தில் நான் இருந்தேன். எனக்குச் சொன்ன நன்றியை நானே எழுந்து நின்று எப்படி மொழிபெயர்ப்பது? உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

முன்வரிசையில் செயலாளர் எழுந்தார். முட்டிவலிக்காரர், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடியும்.

“பிரதர், அவர் அதைச் சொல்லல.”

மைக் இல்லை. ஆனாலும் கன்ட்ரோல் அலுவலகத்துக் குரல், மைதானக் கோடிவரை கேட்டது. பக்கத்திலிருந்த கமிட்டிக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கையை உதறிவிட்டு, ஜனங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

“ஐயா என்ன சொன்னார்னா, நேத்து சொன்ன மெழுகுக் கதை தப்பு. நம்ம மொழிபெயர்ப்பு சிஸ்டர்தான் அதை அவருக்கு எடுத்துச் சொன்னாங்க. ராத்திரி அவரே தேடிப் பாத்திருக்கார், சிஸ்டர் சொன்னதுதான் சரி. நம்மகிட்ட மன்னிப்புக் கேக்கறார். சிஸ்டருக்கு நன்றி சொல்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது. இதுல நான் எதுவும் சேர்க்கல, எதுவும் விடல.”

பிறகு பெண்கள் பக்கம் பார்த்தார்.

“சிஸ்டர், மேல வாங்க.”

பேங்க் சகோதரர் மைக்கை என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. போதகர் ஒன்றும் புரியாமல் என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டார். உங்கள் வாக்கியம் ஒன்று கீழே விழுந்துவிட்டது, அதை எடுத்துக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அவர் செயலாளரைப் பார்த்துத் தலை குனிந்தார்.

அன்றைய சொல் ‘ஆமென்’. அதன் வேரைச் சொன்னார். உறுதி, நம்பத்தக்கது, உண்மை. யூதர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பிரார்த்தனையில் சொல்லும் ஒரே சொல் என்றார். என் ரயில் சிநேகிதி மாமியாரின் தஸ்பீ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சற்றுமுன் எனக்காக அந்த முட்டியோடு எழுந்து நின்றவர் முன்னால் ஒரு எழுத்தையும் கூட்டக் கூடாது என்று தோன்றியது. சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான்.

கூட்டம் முடிந்து, நாற்காலிகளை மடக்கும் சத்தத்துக்கு நடுவே செயலாளர் என்னிடம் வந்தார். அடுத்த வருடமும் நீங்கள்தான், பாடல் குழுப் பெண்களில் ஒருவரையும் ஒரு மாலை ஏற்றலாம், கமிட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அப்புறமும் போகாமல் நின்றார்.

“இன்னிக்கு ஒண்ணுமே சேர்க்கலியே நீங்க.”

“நீங்கதானே சார் சொன்னீங்க.”

“சொன்னேன்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “அந்த லேடி விஷயம், மாவு பிசையறது. அன்னிக்கு வீட்டுக்குப் போனதுமே தேடிப் பாத்தேன். நேத்து உங்களை அனுப்பிட்டு மெழுகையும் பாத்தேன். ரெண்டுமே நீங்க சொன்னதுதான் சரி. காலைலயே போன் பண்ணிச் சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சுக்குங்க சிஸ்டர்.”

மொழிபெயர்க்க எனக்கு வேலை வைக்காத அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

“ஆமென் சார்” என்றேன்.